இலோவுக்கு இரண்டு வரி

கட்டுகஸ்தோட்டையில் ஒரு தையற்கடையின் மேல்மாடியில் பௌர்ணமி விடுமுறையான போயாவுக்குப் போயா கூடும் வாசகர் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தைத் தலையில் தூக்கிவைத்துப் பேசியவர், அடுத்த போயாவில் அதே புத்தகத்தைக் கீழே இறக்கிக் குறையும் சொல்ல வேண்டும். பலமும் அவர் வாயால்தான், பலவீனமும் அவர் வாயால்தான். மடவளையிலிருந்து வரும் ஹபீலா டீச்சர் வைத்த சட்டம் அது. "புகழ்ந்துட்டு ஓடிப்போற ஆக்கள் எங்களுக்கு வாணாம்" என்பார்.

ஷெரோன் ஒரு வருடமாக அந்த மாடியின் கடைசிக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளும் பேசியதில்லை. பேராதனையில் விஞ்ஞானப் பட்டம் முடித்துவிட்டுக் குண்டசாலையில் ஒரு பால் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தாள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பால் கேள்வி கேட்பதில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளை வட்டத்துக்குக் கூட்டிவந்தவள் கிருஷாந்தி. பள்ளிக்கூடத்திலிருந்து தோழி. கண்டி டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்தாள். வாய் ஓயாமல் பேசுவாள். ஷெரோனுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள்.

"ஷெரோன் ஒரு தடவ பேசட்டும் டீச்சர். இவ உள்ளுக்குள்ள அவ்வளவு இருக்கு" என்று ஒரு போயாவில் கிருஷாந்தி சொல்லிவிட்டாள்.

"ஒங்களுக்கு ஏலாத வேலயா தங்கச்சி? புத்தகத்த நீங்களே தெரிவுசெய்ங்க" என்றார் ஹபீலா டீச்சர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷெரோனின் காது சுட்டது. ஆனால் புத்தகத்தின் பெயர் யோசிக்காமலே வாயில் வந்தது.

"ஏழாவது மதகு. மூன்று பாகமும்."

கிருஷாந்தியின் முகம் ஒரு நொடி வெறுமையானது. படி இறங்கும்போது ஷெரோனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சின்னப் புள்ளைங்க படிக்கிறதுடி. வேற எதையாவது எடு. ஒன்னய அளந்துருவாங்க."

"அளக்கட்டும். எனக்கு அதுதான் மனப்பாடம்."

"சொன்னா கேளு."

"நீதானே பேசச் சொன்னே?"

கிருஷாந்தி பிடித்திருந்த கையை விட்டாள். பதில் இல்லாத கிருஷாந்தியை ஷெரோன் அதற்கு முன் பார்த்ததில்லை. பஸ் வந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

ஏழாவது மதகு ஆங்கிலத்தில் வந்த கதை. பதின்ம வயதுப் பிள்ளைகள் உலகமெங்கும் விழுந்து விழுந்து படித்தது. ஒரு பெரிய அணைக்குக் கீழே ஒரு நகரம். தண்ணீர் மேலே இருப்பவர்களுடையது. கீழே பதினாறு வயதாகும் ஒவ்வொரு பிள்ளையும் பெயர்நாள் அன்று மேலே போய், ஒரு கதிரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் மதகுக்கு அனுப்பப்படுவார். திரும்பி வரமாட்டார். பெயர் சொல்ல மறுக்கும் நேரா என்ற பெண்ணின் கதை அது. இலோ அவளுடைய தோழி.

பள்ளிக்கூடத்தில் ஷெரோனும் கிருஷாந்தியும் காசு சேர்த்து ஒவ்வொரு பாகமாக வாங்கினார்கள். ஆளுக்கொரு பிரதி வாங்க வழியில்லை. முழுப் புத்தகத்தை ஒருத்தி முடிக்கும்வரை மற்றவள் காத்திருக்கவும் பொறுமையில்லை. அதனால் சவர அலகால் புத்தகத்தை நடுவில் இரண்டாக வெட்டினார்கள். கிருஷாந்தி வேகமாகப் படிப்பாள். முன்பாதியை முடித்துக் கொடுத்துவிட்டுப் பின்பாதிக்குப் போய்விடுவாள். ஷெரோன் அரைப் புத்தகம் பின்னால் வருவாள். ஒரே ஒரு நிபந்தனை. முன்னால் போகிறவள் வாயைத் திறக்கக் கூடாது.

மூன்றாம் பாகத்தின் பின்பாதி ஷெரோனுக்கு வந்தபோது கடைசி அத்தியாயங்கள் இல்லை. அப்போது கிருஷாந்தியின் அப்பாவுக்கு அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. கடைக்குப் பின்னால்தான் வீடு. அந்த வாரம் அக்குறணையில் வெள்ளம்.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சுடி. கடைசித் தாளெல்லாம் கூழாப் போச்சு. நான் சொல்றேன், கேளு."

மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அருகே பஸ் வரிசையில் நின்றுகொண்டே கிருஷாந்தி முடிவைச் சொன்னாள். நேராவைக் கடைசியாக மேலே கூப்பிடுகிறார்கள். இலோவின் பெயரைச் சொன்னால் நேராவுக்கு விடுதலை. நேரா அந்தக் கதிரையில் உட்கார்ந்து தன் பெயரையே சொல்கிறாள். தானே மதகுக்குப் போகிறாள். கிருஷாந்தி அதைச் சொல்லும்போது அழுதாள். ஷெரோனும் அழுதாள்.

ஷெரோனுக்கு அழ வேறு காரணமும் இருந்தது. அதற்கு முந்திய வாரம் வகுப்பின் ஆய்வுகூட மேசை இலாச்சியில், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரவே கூடாத ஒரு கைத்தொலைபேசி அகப்பட்டிருந்தது. அது கிருஷாந்தியுடையது. அது ஷெரோனுக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூட அதிபரான சிஸ்டர் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "ஒரு பெயர் சொல்லு, போதும்" என்றார். ஷெரோன் தெரியாது என்றாள். மறுநாள் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது ஷெரோனின் பெயர். பள்ளிக்கூடம் முழுவதும் பார்த்திருக்க, மாணவத் தலைவி என்று அவளுக்குக் கொடுத்திருந்த பிரிஃபெக்ட் பேட்ஜைக் கழற்றி வாங்கினார்கள். அம்மா தெல்தெனியவிலிருந்து வந்து அலுவலக வாசலில் நின்றாள்.

"சொன்னது நம்ம வகுப்பு ஜெஸ்மினாத்தான் இருக்கும். அவளுக்கு ஒம் மேல எரிச்சல்" என்றாள் கிருஷாந்தி.

அதற்கு முன் ஷெரோன் விவாதக் குழுவில் இருந்தவள். அதற்குப் பின் எந்தக் கூட்டத்தின் முன்னும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்த முடிவு அவளிடம் இருந்தது. நேரா தோழியைக் காட்டிக் கொடுக்கவில்லை. தானும் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் போகட்டும் என்று அதைப் பிடித்துக்கொண்டே ஏ லெவலும் எழுதினாள், பட்டமும் முடித்தாள். அந்தத் தொடரின் முடிவு சரியில்லை என்று இணையத்தில் பலர் கோபமாக எழுதியிருந்ததை ஓரிரு தடவை கண்டிருந்தாள். தியாகம் பிடிக்காத ஆட்கள் என்று நினைத்துக் கடந்து போனாள்.

இப்போது மறுபடி பேசக் கிடைத்திருக்கிறது. இதிலும் தடுமாறினால் இனி எந்த மாடியிலும் ஏறுவதில்லை என்று தனக்குள் முடிவெடுத்திருந்தாள்.

போயா வந்தது. இருபது பேர் அளவில் இருந்தார்கள். கிருஷாந்தி முன்வரிசையில். கீழே தையற்கடை பூட்டியிருந்ததால் வழக்கமான மெஷின் சத்தம்கூட இல்லை.

முதல் இரண்டு நிமிடம் ஷெரோனின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பிறகு கேட்டது. இந்தக் கதையில் பெரிய ஆயுதம் எதுவும் இல்லை என்றாள். ஒரு கதிரை, ஒரு கேள்வி, அவ்வளவுதான். மேலே இருப்பவர்கள் யாரையும் அடிப்பதில்லை. அன்பாகத்தான் கேட்கிறார்கள். நகரம் முழுக்க ஆளையாள் பார்த்துப் பயப்படுவதே அந்த அரசின் பலம். அதைப் பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற அளவில் சொன்னதுதான் இந்தத் தொடரின் பலம். அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றும் ஒரு கதவு சாத்தப்படுகிற மாதிரி முடிகிறது. நேரா வீரமானவள் இல்லை, பயந்தவள். பயந்தவளாக இருந்துகொண்டே மறுக்கிறாள்.

யாரோ "ஆ, அது சரி" என்றார்கள். ஷெரோனுக்கு உடம்பு லேசானது. கைகள் தாமாக அசையத் தொடங்கின.

"எல்லாத்தையும் விடப் பெரிய பலம் முடிவுதான். கடைசியா நேரா அந்தக் கதிரையில உட்கார்ந்து தன்னோட பெயரையே சொல்றாள். தோழியோட பெயரச் சொல்லல்ல. மூணு பாகமும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எழுதியிருக்கு."

அறை ஒரு மாதிரி அமைதியானது. நல்ல அமைதி என்று முதலில் நினைத்தாள். அக்குறணையில் மருந்துக் கடை வைத்திருக்கும் அஸ்ஃபர் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"மிஸ், கொறையா நெனக்க வாணாம். நேரா அவட பேர சொல்லல்லயே. இலோட பேரத்தானே சொல்ற?"

"இல்ல" என்றாள் ஷெரோன்.

"மெய்யா மிஸ். அதுக்குத்தானே எல்லாரும் அந்தப் புத்தகத்துக்கு ஏசின."

"சொந்தமா ஒரு முடிவு எழுதிட்டாங்க போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் சிரிப்பு.

ஷெரோன் கிருஷாந்தியைப் பார்த்தாள். படித்தவள் அவள்தான். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிருஷாந்தி குனிந்து தன் போனை விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். திரையில் வெளிச்சம்கூட இல்லை.

"சிரிக்க வாணாம், எல்லாருக்கும் பிசகும்" என்று ஹபீலா டீச்சர் எழுந்தார். "தங்கச்சி, அடுத்த போயாவுக்கு கொறைய சொல்லோணும். மறக்க வாணாம்."

மறக்க வழியில்லை. படியில் அஸ்ஃபர் ஓடிவந்து தன் பையிலிருந்த மூன்றாம் பாகத்தை நீட்டினான். "கூட்டத்துக்கெண்டு கொண்டு வந்த. வெச்சி வாசிங்க மிஸ்." கிருஷாந்தி தலைவலி என்று சொல்லி முதலே போய்விட்டிருந்தாள்.

தெல்தெனிய பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷெரோன் கடைசி அத்தியாயங்களைப் படித்தாள். நேரா கதிரையில் உட்காருகிறாள். எதிரே இருக்கும் பெண் அன்பாகச் சிரிக்கிறாள். "ஒரு பெயர், போதும்" என்கிறாள். நேரா இலோவின் பெயரைச் சொல்கிறாள். இலோவுக்கு ஒன்றும் ஆகாது, அவள் கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டே சொல்கிறாள். அதன் பின் பக்கம் பக்கமாக நேராவின் அழுகை. கடைசியில் இரண்டு வரி. "எனக்குத் தெரியும் என்றாள் இலோ. பிறகு புன்னகைத்தாள்." அணை உடைகிறது. எல்லோருக்கும் தண்ணீர்.

தலையை நிமிர்த்தியபோது விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியிருந்தாள்.

வீட்டில் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய பின்பாதியை எடுத்தாள். வெள்ளத்தில் போன புத்தகம். அதை அப்போதுதான் ஆய்வுகூடத்துக் கண்ணால் பார்த்தாள். ஈரம் பட்டுக் காய்ந்த தாள் நெளியும். ஓரத்தில் பழுப்புக் கோடு விழும். இதில் ஒரு தாளும் நெளியவில்லை. கடைசித் தாள்கள் இருந்த இடத்தில் கூழும் இல்லை, கிழிசலும் இல்லை. அடியில் சவர அலகு ஓடிய நேர்கோடு. இத்தனை வருடமாக அது அலுமாரியில் இருந்திருக்கிறது. தினமும் மற்றவர்களின் பாலைச் சோதித்துக்கொண்டு, இதை ஒரு தடவையும் சோதிக்கவில்லை.

இரண்டு நாள் கிருஷாந்தி போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஷெரோன் அரை நாள் லீவு போட்டுக் காப்புறுதி அலுவலகத்தின் வாசலில் போய் நின்றாள். மதியச் சாப்பாட்டு நேரம். இருவரும் பக்கத்து ஹோட்டலுக்குப் போனார்கள். பால் விடாத பிளேன்டி வந்தது. இருவரும் குடிக்கவில்லை.

"தாள் நனையல்ல" என்றாள் ஷெரோன். "வெட்டியிருக்கு."

கிருஷாந்தி மறுக்கவில்லை. "ஆமா. வெட்டுனேன்."

"ஏன்?"

"நீ அந்த வாரம் எப்படி இருந்தேன்னு ஒனக்கே தெரியாது. பேட்ஜ் போயி, சாப்பிடாம, மூஞ்செல்லாம் வீங்கி. அதுல போயி கூட்டாளியக் காட்டிக் குடுக்குற கதைய எப்படிடி குடுக்குறது? ஒனக்காகத்தான் ஒரு நல்ல முடிவா யோசிச்சு யோசிச்சு சொன்னேன்."

அது நல்ல காரணம்தான். ஷெரோன் அதை நம்ப விரும்பினாள். நம்பியும்விட்டிருப்பாள். ஆனால் பஸ் வரிசையில் நின்று அழுத கிருஷாந்தியின் முகம் ஞாபகம் வந்தது. தான் அழுதது பேட்ஜுக்காக. அவள் எதற்காக அழுதாள்?

"சிஸ்டர் கூப்பிட்டப்ப நீ என்ன சொன்னே?"

"அதான் அப்பவே சொன்னேனே, ஜெஸ்மின்தான்…"

"ஜெஸ்மின் என்ன சொன்னான்னு கேக்கல்ல. நீ என்ன சொன்னே?"

கிருஷாந்தி கோப்பையைச் சாசரில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பக்கத்து மேசையில் யாரோ கொத்து ரொட்டி கேட்டுச் சத்தம் போட்டார்கள்.

"நீ பிரிஃபெக்ட். கெட்டிக்காரி. ஒன்னய ஒன்னும் பண்ண மாட்டாங்க, ரெண்டு வார்த்த ஏசிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன். எங்கப்பான்னா என்னயப் பள்ளிக்கூடத்த விட்டே நிப்பாட்டியிருப்பாரு. ஒனக்குத் தெரியும்தானே அவர?"

அது புத்தகத்திலிருந்த வரி. கிட்டத்தட்ட அதே சொற்கள்.

"அடுத்த வாரம் இந்தப் பாகத்தப் படிக்கிறேன், அதே கதை. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாரு. நீ படிச்சா ஒடனே கண்டுபுடிச்சிருவேன்னு பயம்."

"கண்டுபுடிச்சிருக்க மாட்டேன்" என்றாள் ஷெரோன். "ஒன்னய நான் நினைச்சே பார்த்திருக்க மாட்டேன்."

கிருஷாந்தி அழத் தொடங்கினாள். "அதுக்கப்புறம் ஒரு நாளாவது ஒன்னய விட்டுட்டுப் போயிருக்கேனா? கம்பஸ் போறப்ப சாமான் தூக்குனது யாரு? இங்க கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? எல்லாத்தையும் பேச வச்சுச் சரி பண்ணிரலாம்னுதானே…"

"ஜெஸ்மின மாதா கோயில்ல கண்டா நான் எழும்பி வேற வாங்குல போய் இருப்பேன். நத்தார் பூசையில சமாதானம் சொல்ல அவ கை நீட்டினப்பவும் நான் குடுக்கல்ல. நீ ஒருக்கா பார்த்துக்கிட்டு நின்னே."

"அது… அது எனக்குத் தோணல்லடி."

ஷெரோன் எழுந்தாள். பேட்ஜ் போனது பழைய வலி. அதற்குப் பழகியிருந்தாள். போயா அன்று அந்த மாடியில் இருட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டிருந்த விரல் புதிது. ஷெரோன் தன் உள்ளத்தின் மூலைக்கல்லாக வைத்திருந்த முடிவைக் கட்டிச் சொன்னவள், அது உடைந்தபோது தலை நிமிரவில்லை. பிளேன்டிக்குக் காசை மேசையில் வைத்தாள். போய்விட்டாள்.

அடுத்த போயா வரை ஏழாவது மதகை இன்னொரு முறை முழுவதும் படித்தாள். மாடி ஏறக் கூடாது என்று பல தடவை முடிவெடுத்தாள். அன்று காலையிலும் எடுத்தாள். பிறகு பஸ்ஸில் ஏறினாள்.

கிருஷாந்தி வந்திருந்தாள். இம்முறை கடைசிக் கதிரையில், ஷெரோன் வழக்கமாக உட்காரும் இடத்தில்.

"போன தடவை நான் முடிவைத் தப்பாச் சொன்னேன்" என்று ஷெரோன் தொடங்கினாள். "எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்துச்சு. இப்ப முழுசாப் படிச்சிட்டு வந்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் குறைகளைச் சொன்னாள். இரண்டாம் பாகத்தில் நேரா இரண்டு பையன்களில் யாரைக் காதலிப்பது என்று இருநூறு பக்கம் அலைகிறாள், அந்த நேரம் நகரத்தில் ஒருவருக்கும் தாகமெடுப்பதில்லை. அஸ்ஃபர் உரக்கச் சிரித்தான். அவ்வளவு உயர அணையின் அடியில் இருக்கும் கதவை ஒரு பெண் கையால் திறக்க முடியாது. ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும், கதாநாயகி என்று தண்ணீர் பார்க்காது. அணை உடைகிறது, ஆனால் கீழே இருந்த நகரத்தில் ஒருவரும் மூழ்கவில்லை. விக்டோரியாவுக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் அந்தக் கதை எடுபடாது என்றாள். இப்போது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம்.

பிறகு நிறுத்தினாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

"நேரா இலோவோட பெயரச் சொன்னதுக்காக எல்லாரும் எழுத்தாளர ஏசினாங்க. எனக்கு அது குறையாப் படல்ல. மனுசர் பயந்தா சொல்லுவாங்க. பதினாறு பதினேழு வயசுல கட்டாயம் சொல்லுவாங்க. அது உண்மை. குறை அதுக்குப் பிறகுதான் இருக்கு."

கடைசி வரிசையை அவள் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நேரா ஏன் சொன்னாள், சொல்லிட்டு எப்படித் தவிச்சாள், எப்படி அழுதாள்… அதுக்கு முப்பது பக்கம் இருக்கு. இலோவுக்கு இரண்டு வரி. எனக்குத் தெரியும்னு சொல்றாள், சிரிக்கிறாள். எப்ப தெரிஞ்சது? யார் சொன்னது? தெரிஞ்ச அன்னைக்கு அவ சாப்பிட்டாளா? யார் மேலயோ பழியப் போட்டு அவங்களோட பேசாம இருந்தாளா? ஒன்னும் இல்ல. நேரா நிம்மதியா இருக்கணும்னா இலோ சிரிக்க வேணும். அதனால எழுத்தாளர் அவளச் சிரிக்க வைக்கிறாங்க. காட்டிக் கொடுத்தவளோட கதைய எழுதிட்டு, கொடுக்கப்பட்டவளோட கதைய எழுதாம விட்டுட்டாங்க. மூன்று பாகத்திலயும் பெரிய குறை அதுதான். வேறொன்னும் சொல்ல இல்ல."

உட்கார்ந்தாள். ஹபீலா டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அந்த ரெண்டு வரிக்கு அழுத. நல்ல வரியெண்டு நெனச்சி" என்றார் கடைசியில்.

கூட்டம் முடிந்து புத்தகத்தை அஸ்ஃபரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஷெரோன் படி இறங்கினாள். கீழே பூட்டிய தையற்கடையின் முன் கிருஷாந்தி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என்னயப் பத்தித்தானே பேசினே?"

"இலோவப் பத்திப் பேசினேன்."

"எல்லாருக்கும் முன்னால என் பேரச் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல்ல?"

"நான் அப்பவும் சொல்லல்லயே."

கிருஷாந்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டி பஸ் வந்து நின்றது. எப்போதும் இருவரும் அதில் ஒன்றாகத்தான் போவார்கள். கிருஷாந்தி ஓடிப்போய் ஜன்னலோர இடம் பிடிப்பாள், பக்கத்தில் கைப்பையை வைத்து ஷெரோனுக்கு இடம் காப்பாள். இன்றும் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் கைப்பையை வைத்துவிட்டு வெளியே பார்த்தாள்.

"வாடி."

நடத்துநர் கண்டியைச் சிங்களத்தில் "நுவர, நுவர" என்று கூவி, கதவில் தட்டினான்.

ஷெரோன் ஒரு அடி எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள். சிரித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. முகம் சிரிக்கவில்லை. அதை அவள் வற்புறுத்தவும் இல்லை.

"நீ முன்னால போ" என்றாள்.

பஸ் பாலத்தில் ஏறும்வரை அந்தக் கைப்பை அந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பின் தெரியவில்லை. ஷெரோன் மறுபடி மாடி ஏறி, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹபீலா டீச்சரிடம் போய் நின்றாள்.

"டீச்சர், அடுத்த போயாவுக்கு ஒருத்தியக் கூட்டிட்டு வரலாமா? ஜெஸ்மின்னு பேர். என்னோட பள்ளிக்கூடத்துல படிச்சா. வருவாளான்னு தெரியாது."

"கேட்டுப் பாருங்களே தங்கச்சி."

"கேக்கத்தான் வேணும்" என்றாள் ஷெரோன். ஒரு கதிரையை எடுத்து மற்றதன் மேல் வைத்தாள்.